பெட்டி கட்டுவது இருக்கட்டும், ஜெர்மனியில் முகவரி இருக்கிறதா?

தம்பி, ம்யூனிக்கில் வேலை கிடைத்துவிட்டது, ப்ளூ கார்டுக்கான (படித்த வெளிநாட்டவர் வேலை செய்து தங்குவதற்கான அனுமதி) விசாவும் கைக்கு வந்தாயிற்று, மூன்று மாதத்தில் கிளம்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னென்ன கொண்டுவருவது, குளிர் தாங்குமா, மொழி தெரியாமல் சமாளிக்கலாமா, வீடு எப்படிப் பிடிப்பது என்று வரிசையாகக் கேள்விகள். குளிரைப் பற்றிச் சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். பெட்டியில் என்ன வைப்பது என்பதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நான் வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வந்த புதிதில் ஆட்கள் மாட்டிக்கொண்டு முழிப்பது அங்கேதான்.

இந்த ஊரில் முகவரி இல்லாதவன் ஆள் கணக்கிலேயே வரமாட்டான். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்பார்கள். "இவர் இன்ன தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட காகிதம் அதற்கு வேண்டும். 2011இல் நான் வந்தபோது இதைக் கேட்கமாட்டார்கள். 2015 நவம்பரிலிருந்து கட்டாயமாக்கிவிட்டார்கள். பதிவு முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். அது கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால் உங்களை அதிக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் போட்டுச் சம்பளத்தை உரித்துவிட வாய்ப்பு உண்டு. பணம் பிறகு திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் வீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டிய மாதத்தில் அது கையில் இருக்காது.

அதனால் முதல் ஒரு மாதத்துக்குத் தங்க இடம் பார்க்கும்போதே, வாடகையைக் கேட்பதற்கு முன் "பதிவுக்குக் காகிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். இழுத்தால் அடுத்த இடம் பாருங்கள்.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் "நம்ம ஆள்தான், ரூம் இருக்கு" என்று ஒருவர் வருவார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அறையை உள்வாடகைக்கு விடுபவராக இருப்பார், காகிதம் தரமாட்டார். இன்னொருவர் குடியிருக்காத வீட்டுக்குக் காகிதத்தை மட்டும் காசுக்குத் தருகிறேன் என்பார். அப்படிப் பொய் முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்குகிற உங்கள் பெயரும் அந்தக் கோப்பில் ஏறும். தமிழில் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நம்பிவிடாதீர்கள். எனக்கு முதல் அறை கொடுத்தவரும் தமிழில் இனிக்க இனிக்கத்தான் பேசினார். தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டமட்டும் கடைசிவரை விடவில்லை.

பெயர் ஒட்டாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைப்பீர்கள். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே போய்விடும். என் பேங்க் கார்டு வந்து சேர்ந்தது, அந்தக் கார்டின் ரகசிய எண் வந்த கவர் திரும்பிப் போனது. சம்பளம் கணக்கில் இருக்கிறது, எடுக்க வழியில்லை. சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரெழுதி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், அழகான பலகை பிறகு வரட்டும்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில் நமக்கு இன்னொரு தலைவலி. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மிடம் எல்லாப் படிவமும் அதைத்தான் கேட்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எங்கே இருக்கிறதோ, அதை அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பேங்கில் ஒரு மாதிரி, கம்பெனியில் ஒரு மாதிரி, நகர அலுவலகத்தில் இனிஷியலோடு ஒரு மாதிரி என்று ஆனால் நீங்கள் மூன்று ஆள்.

நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அனுப்பும் மஞ்சள் உறை வந்தால் அன்றே பிரித்துப் பாருங்கள். உறை மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார். நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் பதில் கொடுக்கவேண்டிய கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் போடுகிறேன்" என்று யார் எழுதினாலும் மோசடி. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. குளிர் வாடகை என்றால் வெறும் வீட்டுக்கு. சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் வெப்ப வாடகை. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதிலும் சேராது. வெறும் வீடு என்றால் வெறும் வீடேதான். என் முதல் வீட்டில் சமையலறை என்ற அறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயைத் தவிர வேறொன்றும் இல்லை. விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் கூரையிலிருந்து இரண்டு ஒயர் தொங்கியது. பழைய குடித்தனக்காரர் அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார், அது அவருடைய சொத்து.

அந்த வீடு ஸ்டுட்கார்ட்டில். இந்தப் பக்கத்தில் 'கேர்வோஹே' என்று ஒரு வழக்கம்: மாடிப்படி பெருக்கித் துடைக்கும் முறை வாராவாரம் ஒவ்வொரு வீடாக மாறும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும். எதிர்வீட்டுப் பாட்டி முதல் வாரம் நான் துடைத்ததை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் வாளியை எடுத்துவந்து மறுபடி துடைத்தார். ஆள் வைத்துச் செய்யலாமா என்று கேட்ட நம்மவர்களும் உண்டு. நான் கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கம் வரை துடைக்கப் பழகினேன். அந்தப் பாட்டியிடம் கற்ற ஜெர்மன்தான் இன்றைக்கும் எனக்கு ஆபீசுக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்க உதவுகிறது.

மொழியில்லாமல் சமாளிக்கலாம்தான். டாக்டரிடம் போக நண்பனை லீவு போடச்சொல்லி, பல வருடமாக அப்படியே ஓட்டுபவர்களைத் தெரியும். ப்ளூ கார்டில் இருப்பவர் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்க, ஜெர்மனில் ஏ1 (முதல் படி) படித்தால் 27 மாதம், பி1 (நடுத்தரப் படி) படித்தால் 21 மாதம். இந்த மூன்று மாதத்தில் ஏ1 முடித்துவிட்டு வாருங்கள்.

ஊர் ஓட்டுநர் உரிமம் இங்கே ஆறு மாதம்தான் செல்லும், பிறகு முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊர் மொபைல் நம்பரை மட்டும் உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். வீட்டு ஒப்பந்தம் கைக்கு வந்தால், பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.