பில் கைக்கே வரவில்லை, பணம் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்தில் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு, டவுனில் ஒரு தாமானில் சிறிய வீடு வாங்கிக் குடிவந்தோம். நான்கு மாதங்களாக மின் பில் வரவில்லை. இப்போது 612 வெள்ளிக்கு ஒரே பில், கூடவே மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாக நோட்டீஸ். வராத பில்லுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?

பதில்: எரித்த மின்சாரத்துக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும், அம்மா. மீட்டர் ஓடியபோதே கடன் உண்டாகிவிட்டது. பில் என்பது அந்தக் கடனை அறிவிக்கும் தாள், அவ்வளவுதான். 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனைக் கேட்டு வழக்குப் போட 6 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. நான்கு மாதம் தாமதமாகக் கேட்டார்கள் என்பதற்காக அது செல்லாக்காசு ஆகிவிடாது.

ஆனால் தாமதத்தின் சுமையையும் நீங்களே தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அங்கேதான் நீங்கள் வாதாட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மாதாமாதம் பில் போடப்படவே இல்லையா, போட்டும் உங்களிடம் வந்து சேரவில்லையா? மின்சாரம் தரும் டிஎன்பி நிறுவனத்தின் மைடிஎன்பி செயலியில் உங்கள் 12 இலக்கக் கணக்கு எண்ணைப் பதிந்தால் பழைய பில்கள் தேதியோடு தெரியும். செயலி பழக்கமில்லை என்றால் 1-300-88-5454 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள். பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் நிலுவைக்கு 1 விழுக்காடு தாமதக் கட்டணம். பில்லே போடப்படவில்லை என்றால் அந்த 30 நாள் இப்போது வந்த பில்லின் தேதியிலிருந்துதான் தொடங்கும்; பழைய மாதங்களுக்குத் தாமதக் கட்டணம் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பில் போட்டும் வரவில்லை என்றால், அது எந்த முகவரிக்குப் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

நான் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்த தோட்டத்தில், கடிதங்களெல்லாம் அலுவலக மேசையில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பெயர் சொல்லிக் கொடுப்போம். ஆள் தோட்டத்தை விட்டுப் போயிருந்தால் கடிதம் டின்னிலேயே தங்கிவிடும். வீடு மாறியவர்கள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றுவார்கள், மற்ற இடங்களில் தோட்டத்துப் பெயரே நின்றுவிடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, அந்த 612 வெள்ளி பில்லை மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். 'துங்காக்கான்' என்பது பழைய நிலுவை, 'சாஜ் செமாசா' என்பது இந்த முறைக் கட்டணம். 'தெம்போ பில்' என்ற இடத்தில் எத்தனை நாள் என்று இருக்கும். எத்தனை மாதக் கணக்கு என்று காட்டும் 'ஃபாக்டர் புரோராட்டா' என்ற எண்ணையும் பாருங்கள். ஒரு மாதக் கணக்கு என்றால் அது ஏறக்குறைய 1 இருக்கும். நான்கு மாதத்தைச் சேர்த்துப் போட்டிருந்தால் 4ஐ ஒட்டி இருக்க வேண்டும். இது சின்ன விஷயமில்லை. 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள கட்டண முறையில், மாதம் 600 யூனிட்டுக்குள் இருந்தால் 10 வெள்ளி 'ரீடெய்ல்' கட்டணம் கிடையாது, 1,000 யூனிட் வரை ஊக்கக் கழிவு உண்டு, 1,500ஐத் தாண்டினால் விகிதமே ஏறும். மாதம் 400 யூனிட் எரிக்கும் குடும்பத்தின் நான்கு மாதத்தை ஒரே மாதமாக எண்ணினால் 1,600 யூனிட். மூன்று எல்லையும் ஒரேயடியாகத் தாண்டிவிடும். 'ஆங்காரான்' என்று இருந்தால் மீட்டரைப் படிக்காமல் மதிப்பிட்டிருக்கிறார்கள். மீட்டர் எண்ணைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் வந்திருப்பதால் நாளைக்கே டிஎன்பி அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். சண்டை போடாமல், தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். தகராறு இல்லாத பகுதியை அன்றே கட்டி ரசீது வாங்குங்கள், பேசியதை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை பெறுங்கள். அங்கே தீராவிட்டால் மின் துறையைக் கண்காணிக்கும் சுருஹான்ஜாயா தெனாகாவிடம் (எரிசக்தி ஆணையம்) புகார் செய்யலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் மின் பில்லைவிட அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டு கிராந்தில் (நில உரிமைப் பத்திரத்தில்) எந்த முகவரி இருக்கிறது? தேசிய நிலச் சட்டப்படி நில வரி ஜனவரி 1 அன்றே கட்ட வேண்டியதாகிவிடும். ஜூன் 1 முதல் அது நிலுவை. கட்டாவிட்டால் 6ஏ பாரத்தில் கேட்பு அறிவிப்பு வரும். அதில் தரும் 3 மாத அவகாசத்துக்குள்ளும் கட்டாவிட்டால் நிலமே மாநில அரசுக்குப் போய்விடலாம். அந்த அறிவிப்பு பழைய தோட்டத்து முகவரிக்குப் போய் டின்னில் கிடந்தால் என்ன ஆகும்? ஆகவே கிராந்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, அப்பாவோடு உங்கள் ஊர் உள்ள ஜெம்போல் மாவட்டத்தின் நில அலுவலகத்துக்குப் போய் நிலுவை உண்டா என்று பார்த்து, முகவரியை மாற்றிவிட்டு வாருங்கள். வீட்டு மதிப்பீட்டு வரிக்காக நகராண்மைக் கழகத்திலும் அதே நாளில் மாற்றிவிடலாம். அது பிப்ரவரி கடைசி, ஆகஸ்டு கடைசி என்று ஆண்டுக்கு இரு தவணை.