வாசகர் கேள்வி – பதில்: உலக சுகாதார நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்

ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தில் மாணவர்களுக்கான இன்டர்ன்ஷிப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர்கள் பொது சுகாதாரத் துறையில் மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்கள்.

எம்.பி.பி.எஸ். கடைசி ஆண்டு படிக்கிறேன். இப்போதே விண்ணப்பிக்கலாமா, ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஆண்டை முடித்த பிறகா? (மாணவி, மதுரை)

தகுதி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் 20 வயது நிறைந்திருக்க வேண்டும், இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். இன்னமும் மாணவியாக இருக்க வேண்டும், அல்லது படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரோ உடன்பிறந்தவரோ அங்கே ஊழியராக இருந்தால் இடமில்லை. ஏற்கெனவே ஒரு முறை அங்கே இன்டர்னாக இருந்தவருக்கும் இல்லை.

உங்களுக்கு இடிப்பது காலண்டர்தான். இன்டர்ன்ஷிப் குறைந்தது 6 வாரம், அதிகபட்சம் 24 வாரம். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் உங்களுக்குக் கிடைக்கும் விடுப்போ 15 நாள். ஆகவே அந்த ஆண்டில் போவது நடக்காது. பயிற்சியின் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் விண்ணப்பித்துவிட்டு, முடிந்த கையோடு கிளம்புவதுதான் பொருந்தும் வழி. முதுகலை மருத்துவ இடத்துக்கான நீட் பி.ஜி. தேர்வும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். இரண்டையும் ஒரே பருவத்தில் வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும். முதுகலையில் சமூக மருத்துவம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அவசரமே வேண்டாம், அப்போது இன்னும் நல்ல விண்ணப்பதாரராக இருப்பீர்கள்.

எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிக்கிறேன். பல முறை விண்ணப்பித்தும் 'விண்ணப்பம் கிடைத்தது' என்ற ஒரு வரி தவிர பதிலே இல்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? (மாணவர், வேலூர்)

தேர்வாகாதவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதுவதில்லை. மௌனத்தை வைத்து உங்கள் தகுதியை அளக்காதீர்கள். இப்போது நிறுவனத்தின் நிதியும் நெருக்கடியில் இருக்கிறது. 2026–27-க்கு 530 கோடி டாலர் பட்ஜெட் முன்மொழியப்பட்டு, 2025 மே மாதம் உறுப்பு நாடுகள் கூடிய உலக சுகாதாரப் பேரவையில் 420 கோடியாகக் குறைத்து நிறைவேற்றப்பட்டது. ஊழியர்களைக் குறைக்கும் துறை, இன்டர்னுக்கு நேரம் ஒதுக்கத் தயங்கத்தானே செய்யும்.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறோம். விண்ணப்பம் நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளத்தின் வழியாகப் போகிறது. மறுமுனையில் அதைத் திறந்து பார்ப்பவர் ஒரு துறையின் நிபுணர். அவர் மேசையில் பாதியில் நிற்கும் ஒரு வேலை இருக்கும். அதை முடிக்க ஆள் தேடுகிறார். மோட்டிவேஷன் லெட்டரில் பெரும்பாலானோர் 'சிறு வயது முதலே மக்கள் சேவையில் ஆர்வம்' என்று தொடங்கி நிறுவனத்தின் பெருமையையே எழுதுகிறார்கள். அவருடைய நிறுவனத்தைப் பற்றி அவருக்கே எதற்குச் சொல்ல வேண்டும்?

முதல் பத்தியிலேயே எந்தத் துறை, அவர்கள் அண்மையில் வெளியிட்ட எந்த ஆவணம், அதில் எந்தப் பகுதியில் உங்களால் உதவ முடியும் என்று வந்துவிட வேண்டும். அடுத்த பத்தியில் செய்து முடித்த வேலை ஒன்று. 'தரவுப் பகுப்பாய்வு தெரியும்' என்பதற்கு அங்கே மதிப்பு குறைவு. 'ஒரு வட்டாரத்தின் தடுப்பூசிப் பதிவேடுகளை எக்ஸெல்லில் ஏற்றி, இரட்டைப் பதிவுகளை நீக்கி, ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் அட்டவணை போட்டேன்' என்றால் அவருக்குப் படம் தெரிகிறது. கடைசியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்று எழுதுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'எப்போது வேண்டுமானாலும்' என்று எழுதுவது பணிவாகத் தோன்றலாம், திட்டமிடுபவருக்கு அது உதவாது. கடிதம் ஒரு பக்கம் தாண்டக் கூடாது.

ஒரே கடிதத்தைப் பத்துத் துறைக்கு அனுப்புவதைவிட மூன்று துறைக்கு மூன்று கடிதம் எழுதுவது மேல். ஜெனீவாவில் ஆங்கிலம் போதும், பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் வசதி.

மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சம்பளம் தருவார்களா? நாங்கள் எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும்? (தந்தை, திருப்பூர்)

சம்பளம் இல்லை, உதவித்தொகை உண்டு. 2020-க்கு முன் அதுவும் கிடையாது. வசதியுள்ள நாட்டுப் பிள்ளைகள்தான் போக முடிந்தது. 2018-ல் உலக சுகாதாரப் பேரவை இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2022-க்குள் இன்டர்ன்களில் பாதிப் பேராவது மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்தும் நடுத்தர வருமான நாடுகளிலிருந்தும் வர வேண்டும் என்பது அதன் இலக்கு. இந்தியா இந்தக் கணக்கில் வருகிறது. மருத்துவ, விபத்துக் காப்பீட்டையும் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது.

உதவித்தொகை ஊருக்கு ஊர் மாறும். ஏற்புக் கடிதத்தில் உள்ள தொகையை மட்டும் நம்புங்கள். விமானக் கட்டணத்தை உங்கள் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாத உதவித்தொகை வருவதற்கு முன்பே வாடகையும் முன்பணமும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, இரண்டு மாத வாடகையும் ஒரு மாதச் சாப்பாடும் கையில் இருந்தாக வேண்டும். பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கே ஆயிரம் சுவிஸ் பிராங்கை ஒட்டிய மாத வாடகை அங்கே சாதாரணம். வெளியில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டால் 20 பிராங்க் போய்விடும். சமைத்துச் சாப்பிட்டால் செலவு பெருமளவு குறையும். அரிசி, பருப்பு, கறித்தூளுக்கு இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

வீடு தேடும்போதுதான் பணம் பறிபோகிறது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று வரும் விளம்பரம் எல்லாம் மோசடி. சுவிஸ் சட்டப்படி வீட்டு முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வாடகை. அதையும் வாடகைதாரர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும், வீட்டுக்காரர் பைக்குள் போகாது. முதல் சில வாரங்களுக்கு மாணவர் விடுதி எடுத்துவிட்டு, நேரில் பார்த்து அறை பிடிப்பது பாதுகாப்பு. எல்லை தாண்டினால் பிரான்ஸில் ஃபெர்னே–வோல்தேரில் வாடகை குறைவு என்பார்கள். உண்மைதான், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவருக்குச் சுவிஸ் கொடுக்கும் அனுமதி சுவிஸில் குடியிருக்கத்தான். பிரான்ஸில் குடியிருக்க அந்த நாட்டின் அனுமதி வேறு.

இரண்டு உருண்டை முனை சார்ஜர் அங்கே செருகும், நம் மூன்று முனை பிளக் செருகாது. அடாப்டர் இங்கேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

12 வாரமா, 24 வாரமா என்று கேட்கிறார்கள். விசாவுக்கு எது எளிது? (மாணவர், கோவை)

12 வாரம் என்றால் 84 நாள். சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரைதான் இருக்கலாம். ஆக மிச்சம் 6 நாள், முன்னதாகப் போய் இறங்கவும் பிறகு மூட்டை கட்டவும் சேர்த்து. வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 13 வாரமே 91 நாள், அந்த விசாவுக்குள் அடங்காது. அந்த ஆறு மாதத்துக்குள் ஏற்கெனவே ஐரோப்பா சுற்றி வந்திருந்தால் அந்த நாட்களையும் கழித்துக்கொள்ளுங்கள்.

90 நாளைத் தாண்டினால் நீண்ட கால 'டி' விசா. அங்கே போன பிறகு சுவிஸ் அரசு வழங்கும் 'கார்ட் தெ லெஜிட்டிமாசியோன்' என்ற அடையாள அட்டையும் வேண்டும், அதற்கான விண்ணப்பம் நிறுவனத்தின் வழியே போகும். குறுகிய கால விசாவில் இறங்கிவிட்டு 'அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம்' என்று நினைப்பதுதான் பெரிய தப்பு, அது நடக்காது.

குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கும். ஏற்புக் கடிதத்திலுள்ள தேதிகளும் விண்ணப்பத்திலுள்ள தேதிகளும் ஒத்துப்போக வேண்டும். பெயர் எழுதும் விதமும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருப்பது நம்மூரில் சகஜம். ஏற்புக் கடிதம் தயாராகும் முன்பே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லிவிடுங்கள்.

உண்மையில் என்ன வேலை கொடுப்பார்கள்? கொள்ளைநோய் பரவும் இடத்துக்கு அனுப்புவார்களா? (மாணவி, தஞ்சாவூர்)

மாட்டார்கள். கணினி முன்னால் உட்காரும் வேலைதான். அதில் பெரும்பகுதி ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிச் சலித்துத் தொகுப்பது, ஏனென்றால் அந்த நிறுவனத்தின் சிகிச்சை வழிகாட்டுதல்கள் அப்படித் தொகுத்த சான்றுகளின் மேல்தான் நிற்கின்றன. இதைக் கற்றுக்கொண்டு போனால் முதல் வாரத்திலிருந்தே பயன்படுவீர்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: காசநோயாளிகளுக்குக் கைபேசியில் நினைவூட்டல் அனுப்பினால் சிகிச்சையை முடிப்பவர்கள் கூடுகிறார்களா? இதை நான்காக உடைக்க வேண்டும். நோயாளிகள் யார், என்ன செய்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவைப் பார்க்கிறோம். தேடும்போது முதல் இரண்டையும் மட்டும் போட்டாலே பெரும்பாலும் போதும். விளைவையும் சேர்த்துத் தேடினால், சுருக்கத்தில் அதைக் குறிப்பிடாத நல்ல ஆய்வுகள் நழுவிவிடும்.

மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் 'மெஷ்' என்ற நிலையான தலைப்புச் சொற்களை மட்டும் போட்டுத் தேடுவது அடுத்த தவறு. பல கட்டுரைகளுக்கு அந்தத் தலைப்பு ஒட்டப்பட்டிருக்காது. மெஷ் சொல்லோடு சாதாரணச் சொற்களையும் சேருங்கள். ஒரே கருத்துக்கான சொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR), கருத்துக்கும் கருத்துக்கும் நடுவே 'ஆண்ட்' (AND). அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் ஆயிரக்கணக்கில் சம்பந்தமில்லாதவை வந்து குவியும், அல்லது வர வேண்டியது வராது. தேடிய வரியை அப்படியே, தேதியோடு சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதையே மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

பப்மெட், அதைப் போன்ற இன்னொரு தரவுத்தளமான எம்பேஸ் இரண்டிலும் எடுத்தவற்றைச் சேர்த்து இரட்டிப்பை நீக்கி, இரண்டு பேர் தனித்தனியாகத் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துச் சலிப்பது முறை. முழுக் கட்டுரை படித்து நீக்கியவை ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். கடைசியில், எத்தனை கிடைத்து எத்தனை நீங்கி எத்தனை மிஞ்சின என்று காட்டும் 'பிரிஸ்மா' படத்தில் எண்கள் கூட்டிக் கழித்துச் சரியாக வர வேண்டும். வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரே ஆய்வு மூன்று கட்டுரைகளாக வந்திருக்கும், அதை மூன்று ஆய்வு என்று எண்ணியிருப்பார்கள்.

தரவெடுக்கும் அட்டவணையில் 'பூஜ்யம்', 'கட்டுரையில் சொல்லவில்லை', 'இன்னும் பார்க்கவில்லை' மூன்றும் வேறு வேறு. காலிக் கட்டம் விட்டால் எது என்று யாருக்கும் தெரியாது. சதவீதத்தை மட்டும் எடுத்து, எத்தனை பேரில் என்பதை விடாதீர்கள்: சேர்க்கப்பட்டவர்களிலா, கடைசி வரை இருந்தவர்களிலா? மீடியன் (நடு மதிப்பு) கொடுத்திருந்தால் சராசரிக் கட்டத்தில் போடாதீர்கள். எக்ஸெல் தன் பங்குக்கு '5-9' என்ற வயதுப் பிரிவைத் தேதியாக மாற்றிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிட வேண்டும், பிறகு மாற்றினால் பழைய மதிப்பு திரும்பாது.

இது போக, கூட்டக் குறிப்பு எழுதுவது, ஸ்லைடு தயாரிப்பது எல்லாம் உண்டு. முதல் வாரத்திலேயே சூப்பர்வைசரிடம் 'கிளம்பும் முன் நான் முடித்துக் கொடுக்க வேண்டியது எது' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் குறிப்பெழுதியே மூன்று மாதம் ஓடிவிடும்.

மே மாதம் போனால் உலக சுகாதாரப் பேரவையைப் பார்க்கலாமா? (மாணவர், சென்னை)

அனுமதி கிடைத்தால் பார்க்கலாம். பேசவோ நிறுவனத்தின் சார்பில் கருத்துச் சொல்லவோ முடியாது, சமூக ஊடகத்திலும்தான். ஆனால் மே மாதத்தில் சூப்பர்வைசர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். வேலை கற்க வேண்டுமென்றால் செப்டம்பர் – டிசம்பர் நல்ல காலம்.

ஜெனீவா மட்டும்தானா? (மாணவி, யாழ்ப்பாணம்)

இல்லை. வட்டார அலுவலகங்கள் புதுதில்லி, மணிலா, கெய்ரோ, பிரஸாவில், கோபன்ஹேகன், வாஷிங்டன் ஆகிய ஆறு நகரங்களில் இருக்கின்றன. கொழும்பு உட்பட நாட்டு அலுவலகங்கள் தனி. இலங்கை புதுதில்லி வட்டாரத்தில்தான் வருகிறது. எங்கள் கருத்து, முதல் அனுபவத்துக்கு வட்டார அலுவலகமே மேல். செலவு குறைவு, கையிலெடுக்கும் பிரச்சினையும் நம் ஊருடையது.

ஆய்வுதான் ஆசை என்றால் அந்தப் பெயர்ப்பலகையே வேண்டியதில்லை. சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆய்வு நிறுவனம் 1956-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டோடு தொடங்கியது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவது, காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல என்று 1959-ல் காட்டியது அதன் ஆய்வு. அதன் இயக்குநராக இருந்த சௌம்யா சுவாமிநாதன்தான் 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார்.

முடித்ததும் அங்கேயே வேலை கிடைக்குமா? அங்கே பார்த்த தரவைத் தீசிஸில் போடலாமா? (மாணவர், திருச்சி)

முடித்த கையோடு வேலையில் சேர முடியாதபடி விதியில் மூன்று மாத இடைவெளி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் எல்லோரையும் போலப் போட்டியிட்டுத்தான் வர வேண்டும்.

வெளியிடாத தரவு எதையும் எழுத்து மூலமான அனுமதியின்றித் தீசிஸில் போடக் கூடாது. தீசிஸுக்கு வேண்டும் என்பதைச் சேரும் முன்பே சொல்லுங்கள், கிளம்பும் வாரத்தில் கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார். கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஒரு ஏஜென்சி 45,000 ரூபாய் கட்டினால் இடம் உறுதி என்கிறது. நம்பலாமா? (பெற்றோர், சேலம்)

கட்டாதீர்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, எந்தக் கட்டத்திலும் உலக சுகாதார நிறுவனம் பணம் கேட்பதில்லை. வந்த மின்னஞ்சலின் முகவரி 'அட்' குறிக்குப் பிறகு டபிள்யூ.எச்.ஓ. டாட் இன்ட் (who.int) என்று முடிகிறதா என்று பாருங்கள், ஜிமெயிலிலிருந்தோ நடுவில் வேறு எழுத்துகள் செருகியோ வந்தால் போலி. ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை இன்றே அழையுங்கள். பணம் வேறு கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்பிருக்கிறது.