விபிஎன் போட்டால் பாதிப் பக்கம்தான் வருகிறது!

நிறையக் கடிதங்கள் விபிஎன், அதாவது நம் நெட் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் இணைப்பு, பற்றியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். உங்கள் கேள்வி அப்படியே இல்லாவிட்டாலும் அதன் சாயல் இங்கே இருக்கும்.

கே: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். அலுவலக விபிஎன் 'கனெக்டட்' என்று பச்சை காட்டுகிறது. கூகுள் தேடல் வருகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் அலுவலக மெயிலையோ வங்கித் தளத்தையோ திறந்தால் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எரர் கூட வருவதில்லை. அதே லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் எல்லாம் சரி. ஆப்பை அழித்து அழித்து இன்ஸ்டால் செய்தும் பலனில்லை.

ப: ஆப்பை விட்டுவிடுங்கள், அதன் மேல் தப்பில்லை. நோயையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: சிலது வருகிறது, சிலது வரவில்லை, வேறு நெட்டில் சரியாகிறது. இவை சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் (நெட்டில் தகவல் போகும் சிறு பொட்டலம்) எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு.

வழக்கமாக அது 1500 பைட். விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டையும் பூட்டி இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புகிறது. அந்த உறைக்கும் இடம் வேண்டுமே! வயர்கார்ட் வகை விபிஎன் என்றால் ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) வழியில் 60 பைட், ஐபிவி6 (புதியது) வழியில் 80 பைட் உறைக்கே போய்விடும். அதனால்தான் வயர்கார்ட் உள்ளே 1420 என்று வைத்துக்கொள்கிறது. 80 சேர்த்தால் கச்சிதமாக 1500. ஆனால் யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணைகிற பிபிபிஓஇ வகை பிராட்பேண்டில் 1492தான் போகும். ஐபிவி6 வழியில் போனால் எட்டே எட்டு பைட்டுக்காகப் பெரிய பாக்கெட் மாட்டிக்கொள்கிறது.

மாட்டியதும் வழியிலுள்ள ரவுட்டர் 'இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு' என்று ஐசிஎம்பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் செய்தியை ஃபயர்வாலில் அடைத்து வைக்கும் புண்ணியவான்கள் நிறையப் பேர். அனுப்பியவருக்கு விவரம் தெரியாது. அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பார். உங்கள் திரையில் வட்டம் சுற்றுவது அந்த நேரத்தில்தான். தளத்தோடு முதலில் கைகுலுக்கும் பாக்கெட்டுகள் சிறியவை, போய்விடும். தளம் தன் சான்றிதழை அனுப்பும்போது பாக்கெட் நிறைந்துவிடும், அங்கே நின்றுவிடும். கூகுளும் யூடியூபும் பெரும்பாலும் குவிக் என்ற முறையில் வருபவை. அது 1200 பைட்டை ஒட்டிய சிறிய பாக்கெட்டுகளில் பேச்சைத் தொடங்குவதால் தப்பித்துக்கொள்கிறது.

சோதித்துப் பார்க்கலாம். விபிஎன் ஓடும்போது விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பிங்குக்குப் பதில் தரும் ஏதாவது ஒரு தளத்துக்கு, மைனஸ் எஃப், மைனஸ் எல் என்ற இரண்டையும் சேர்த்து பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். முதலாவது 'பாக்கெட்டை உடைக்காதே' என்பது. இரண்டாவதற்குப் பக்கத்தில் அளவை எழுத வேண்டும். 1392-இல் தொடங்குங்கள். ஐபிவி4-இல் பிங் தன் பங்குக்கு 28 பைட் சேர்ப்பதால் அது 1420 ஆகும். 'உடைக்க வேண்டியிருக்கிறது' என்று உடனே பதில் வந்தால் கவலையில்லை, உங்கள் கணினிக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. பதிலே வராமல் 'டைம்ட் அவுட்' என்று வந்து, அளவைக் குறைத்ததும் பதில் வந்தால், திருடன் அகப்பட்டான். பதில் வந்த மிகப் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டுங்கள். விபிஎன் செட்டிங்ஸில் எம்டியு என்ற இடத்தில் அதைவிடச் சற்றுக் குறைத்தே போடுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் நேராக 1280 போடுங்கள். ஐபிவி6-க்குக் குறைந்தபட்சமே அதுதான், அநேகமாக எங்கேயும் போகும். அதற்கும் கீழே இறங்காதீர்கள், ஐபிவி6 நின்றுவிடும். வேகம் குறையுமே என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையாது. அலுவலகம் அந்த செட்டிங்கைப் பூட்டி வைத்திருந்தால் ஐடி பிரிவுக்கு எழுதுங்கள். 'நெட் வரவில்லை' என்று எழுதினால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். 'பெரிய பாக்கெட் போகவில்லை, எம்டியுவைக் குறையுங்கள்' என்று எழுதினால் விஷயம் தெரிந்தவரிடம் போய்ச் சேரும்.

கே: விபிஎன் போட்டதும் ஒரு தளமும் திறப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சாட் மட்டும் வருகிறது. இது எப்படி?

ப: பெயருக்குப் பதில் 1.1.1.1 என்ற எண்ணுக்கு பிங் கொடுங்கள். பதில் வந்தால் பாதை சரி. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. சாட் ஆப் தன் சர்வரின் எண்ணை முன்பே தெரிந்துவைத்திருந்ததால் பிழைத்தது. விபிஎன் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ன என்று பாருங்கள். வீட்டு ரவுட்டரின் எண்ணே அங்கே இருந்தால், விபிஎன் சுரங்கத்துக்குள்ளிருந்து அதை எட்ட முடியாமல் போகலாம். விபிஎன் நிறுவனம் தரும் டிஎன்எஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு வாசகி எழுதியிருக்கிறார்: வெளித்தளங்கள் எல்லாம் வருகின்றன, அலுவலகத்தின் உள்தளம் மட்டும் வரவில்லையாம். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'செக்யூர் டிஎன்எஸ்' அல்லது 'டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்' என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கினால் பிரவுசர் அலுவலக டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் வெளியாரிடம் போய்க் கேட்கக்கூடும். அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் பெயர் வெளியாருக்கு எப்படித் தெரியும்? பிரைவசி, செக்யூரிட்டி பகுதியில் அதை நிறுத்திப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் வீடும் அலுவலகமும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே எண் வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கணினி அலுவலக சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு ரவுட்டரில் 192.168.1-இன் கடைசி 1-ஐ 57 என்றோ வேறு எண்ணாகவோ மாற்றினால் போதும்.

கே: எந்தத் தளத்துக்குப் போனாலும் 'நீங்கள் ரோபோவா' என்று கேட்டு டிராஃபிக் சிக்னல் படங்களைத் தேடச் சொல்கிறது. வங்கி ஆப்போ உள்ளேயே விடுவதில்லை.

ப: உங்கள் விபிஎன் சர்வர் வழியாக முன்பின் தெரியாத பலரும் ஒரே ஐபி முகவரியில் வெளியே வருகிறார்கள். அதில் எவனோ சேட்டை செய்தால் சந்தேகம் எல்லோர் மேலும் விழும். கூட்டம் குறைந்த வேறு சர்வருக்கு மாறுங்கள். வங்கியை மட்டும் 'ஸ்பிளிட் டனலிங்' மூலம் விபிஎன்னுக்கு வெளியே விட்டுவிடுங்கள். வங்கி ஆப் தன் தகவலைத் தானே பூட்டித்தான் அனுப்புகிறது. விபிஎன் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை என்பது என் கருத்து.

கே: விபிஎன்னை நிறுத்திவிட்டேன். இப்போது நெட்டே இல்லை!

ப: கில் ஸ்விட்ச். விபிஎன் அறுந்தால் நெட்டையும் சேர்த்து அறுப்பதுதான் அதன் வேலை, செய்திருக்கிறது. விபிஎன் ஆப்பைத் திறந்து அதை அணையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் விபிஎன் செட்டிங்ஸுக்குப் போனால், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் ஒரு தேர்வு தனியாக இருக்கும்; அதையும் பாருங்கள். விடுதி வைஃபையின் லாகின் பக்கம் வரவில்லை என்று எழுதியவருக்கும் இதே பதில்தான்: கில் ஸ்விட்சையும் விபிஎன்னையும் அணைத்து லாகின் செய்யுங்கள், பிறகு இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.