கணுக்கால் கட்டிகள்: எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், கணுக்காலின் முன்பக்கம் சின்னதாக ஒரு கட்டி. சில நாள் பெரிதாகத் தெரிகிறது, சில நாள் வற்றிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: கூடிக் குறைவது பெரும்பாலும் கேங்ளியான் எனும் நீர்க்கட்டிதான். அல்ட்ராசவுண்ட் எடுத்தால் உள்ளே இருப்பது நீரா சதையா என்று தெரிந்துவிடும். நீர்தான், தொந்தரவும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஊசியால் உறிஞ்சினால் திரும்ப வருவது சகஜம்.

கேள்வி: என் மனைவிக்கு உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒரு கட்டி. தட்டினால் உள்ளங்கால்வரை சுரீரென்று இழுக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் நரம்பு போய்விடுமா?

பதில்: அந்த இடத்தில்தான் பின் டிபியல் நரம்பு போகிறது. நீங்கள் சொல்வது ஷ்வானோமா போலிருக்கிறது. அது நரம்பின் உறையில் வளரும் சாதாரணக் கட்டி. நரம்பிழைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கட்டியை மட்டும் பெரும்பாலும் எடுத்துவிட முடியும். கொஞ்ச காலம் மரத்துப்போன உணர்வு இருக்கலாம். நரம்பு அறுவையில் பழக்கமுள்ளவரிடம் போங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டீனோசைனோவியல் ஜெயன்ட் செல் டியூமர்' என்று இருக்கிறது. டியூமர் என்றதும் வீடே கலங்கிப்போயிருக்கிறது.

பதில்: இது புற்றுநோய் அல்ல. மூட்டின் உள்சவ்விலோ தசைநாண் உறையிலோ வளர்வது. முன்பு பி.வி.என்.எஸ். என்றார்கள். அடிக்கடி கசியும் ரத்தத்தின் இரும்புச்சத்து படிவதால் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத் தெரியும். ரிப்போர்ட்டில் ஒரே இடத்தில் திரண்டது என்றிருக்கிறதா, மூட்டெங்கும் பரவியது என்றிருக்கிறதா என்று பாருங்கள். திரண்டதை முழுசாக எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு சரி. பரவியது மறுபடி வரக்கூடியது, விட்டால் குருத்தெலும்பையும் அரிக்கும். அறுவையால் தீராதவர்களுக்காக பெக்சிடார்ட்டினிப் மாத்திரைக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால் எல்லோருக்கும் எழுதித் தரும் மருந்து இல்லை அது.

கேள்வி: வலியில்லாத கட்டி, இரண்டு வருஷமாக மெதுவாக வளர்கிறது. பயாப்சி, அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தால் பரவிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நேரடியாக வெட்டி எடுத்துவிடலாமா சார்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மெதுவாக வளர்கிறது, வலியில்லை என்பதெல்லாம் நல்ல கட்டி என்பதற்குச் சான்று ஆகாது. சைனோவியல் சார்கோமா என்ற புற்றுநோயும் இளவயதில், கால் மூட்டுகளின் பக்கத்தில், வருஷக்கணக்கில் சாதுவாக இருக்கும். 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தாலோ முதலில் எம்.ஆர்.ஐ., அப்புறம் ஊசி பயாப்சி. அந்த ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை, பின்னால் அறுவை செய்யப்போகிறவரே முடிவு செய்ய வேண்டும். அந்தத் தடத்தையும் சேர்த்து அகற்ற வேண்டி வரலாம். சரியாக எடுத்த பயாப்சியால் பரவும் ஆபத்து மிகக் குறைவு. என்னவென்று தெரியாமல் குறுக்கே கீறி எடுத்த கட்டி புற்றுநோயாக இருந்துவிட்டால், மறுபடி அகலமாக வெட்ட வேண்டும். கணுக்காலில் தோல் இறுக்கம். மூட அங்கே சதை போதாது. வேறு இடத்திலிருந்து தோலும் சதையும் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: போன வருஷம் எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பவே இல்லை. இப்போது என்ன செய்ய?

பதில்: அனுப்பியிருக்க வேண்டும், எடுத்தது எதுவானாலும் அனுப்பத்தான் வேண்டும். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எலும்பு, மென்திசுக் கட்டிகளைப் பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தழும்பின் அடியில் சிறிதாகத் தடித்தாலும் அடுத்த எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள்.