பாத்திரம் கழுவுகிறவர்களின் கூலிக்காக என் மகள் ஏன் உட்கார வேண்டும்?

கேள்வி: கோவையில் பொறியியல் படிக்கும் என் மகள், விடுதிச் சமையற்கூடத்து ஒப்பந்தப் பணியாளர்கள் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள் என்று, தோழிகளோடு கல்லூரி வாசலில் தர்ணா இருக்கிறாள். 2022 வேலைநிறுத்தத்தில் தறியை நிறுத்தி நட்டப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. அவளை ஊருக்கு அழைத்து வந்துவிடலாமா?
– ஒரு தந்தை, சோமனூர்

பதில்: வேண்டாம் ஐயா. பேசி முடித்த கூலி உயர்வை ஜவுளி உற்பத்தியாளர்கள் தரவில்லை என்றுதான் அந்த ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் நின்றன. உங்கள் மகள் கேட்பதும் அதே நியாயம்தான். அதை அவள் கல்லூரியில் கற்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாணவர் போராட்டத்தால் எதுவும் நடக்காது என்பாரும் உண்டு. பெருந்துறை ஐ.ஆர்.டி. மருத்துவக் கல்லூரியை அரசு ஏற்ற பின்னும் அங்கே மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கப்பட்டது. மாணவர்கள் போராடிய பிறகு, 2021 தொடக்கத்தில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 13,610 ரூபாயாகக் குறைந்தது. அது அவர்கள் சொந்தக் கட்டணம். உங்கள் மகளின் போராட்டத்துக்கு நெருக்கமானது அமெரிக்காவின் ஹார்வர்டில் 2001இல் நடந்தது. துப்புரவு, சமையல் பணியாளர்களுக்கு மணிக்கு 10.25 டாலராவது தர வேண்டும் என்று கேட்டு, மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகம் இருந்த கட்டடத்துக்குள் மூன்று வாரம் அமர்ந்தார்கள். நிர்வாகம் குழு அமைத்தது, அடுத்த ஆண்டு ஊதியமும் உயர்ந்தது. தொகையைக் குறிப்பிட்டுக் கேட்டதால் மழுப்ப வழியில்லாமல் போயிற்று என்பது என் கணிப்பு.

எனவே அவளிடம் முதலில் கேளுங்கள்: அந்தப் பணியாளர்கள் இதை விரும்புகிறார்களா? பெயர் வெளிவந்தால் வேலை போவது அவர்களுக்குத்தான், மாணவிகளுக்கு அல்ல. அவர்கள் சம்மதித்தால், கையெழுத்திட்ட தொகையையும் கைக்கு வந்த தொகையையும் மாதவாரியாக எழுதி, நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கட்டும். ஒப்பந்ததாரர் கூலியைக் குறைத்துத் தந்தால் மீதியை வேலை வாங்கும் நிறுவனமே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதல் இருந்துவரும் விதி. தர்ணா இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிந்திருக்காது.

பொதுவாக 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பருவத் தேர்வு எழுத முடியாது, ஆகவே வகுப்பு முடிந்தபின் அமர்வதே நல்லது. சேர்க்கையின்போது நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தில் போராட்டம் பற்றி ஏதேனும் இருக்கிறதா என்று எடுத்துப் படித்துப் பாருங்கள். கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், பதில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.