வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கும் 3,200 டாலர் கயாக் வேண்டுமா?

கேள்வி: மினசோட்டாவில் செயின்ட் கிளவுட் பக்கம் குடியிருக்கிறோம். எனக்கு 36 வயது, கிரீன் கார்டு இருக்கிறது. மனைவி, ஏழு வயது மகள். இரண்டு வருடமாகக் கரையில் நின்று தூண்டில் போடுகிறேன். நல்ல மீன் எல்லாம் நாணலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அலுவலக நண்பர் இந்த இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டைக்கும் கூப்பிடுகிறார். கடையில் பெடல் வைத்த மீன்பிடிக் கயாக் படகு ஒன்றைப் பார்த்தேன், 3,200 டாலர். கடையின் கார்டில் வாங்கினால் 12 மாதம் வட்டி இல்லை என்கிறார்கள். சேமிப்பு 11,000 டாலர் இருக்கிறது. மாதச் செலவு, ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவதையும் சேர்த்து, 4,000. கிரெடிட் கார்டில் 24 சதவீத வட்டியில் 2,800 பாக்கி. அதற்கு மாதம் 150 கட்டுகிறேன். எல்லாம் போகக் கையில் 450 நிற்கும். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. வாங்கலாமா?

பதில்: படகு வாங்குங்கள். ஆனால் அந்தப் படகை வேண்டாம், அந்தக் கார்டில் வேண்டவே வேண்டாம்.

முதலில் பழைய பாக்கி. 2,800-க்கு 24 சதவீதம் என்றால் மாதம் 56 டாலர் வட்டி. நீங்கள் கட்டும் 150-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது. பாக்கி இதே அளவில் நின்றால் வருடத்துக்கு 670 டாலர். செயின்ட் கிளவுட் பக்கம் நல்ல பழைய கனூ (மேலே திறந்த துடுப்புப் படகு) ஒன்றை அதைவிடக் குறைந்த பணத்துக்கே வாங்கிவிடலாம். 11,000-ஐ வங்கியில் வைத்துக்கொண்டு இந்த வட்டியைக் கட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வாரமே சேமிப்பிலிருந்து 2,800 எடுத்து முழுவதையும் அடைத்துவிடுங்கள். மீதி 8,200 இருக்கும், இரண்டு மாதச் செலவுக்குத் தாங்கும். அந்த 150-உம் மிச்சமாவதால் இனி மாதம் 600 கையில் நிற்கும். முதல் இரண்டு மாத மிச்சம் படகுக்கு. அதற்குப் பிறகு வருவது, சேமிப்பு பழைய அளவுக்கு வரும்வரை, சேமிப்புக்கே.

அடுத்து அந்த ‘12 மாதம் வட்டி இல்லை’. விண்ணப்பத்தில் ‘டிஃபர்டு இன்ட்ரஸ்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். கடைக் கார்டுகளில் பெரும்பாலும் இருக்கும். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும், கேட்பதை மட்டும் தள்ளி வைத்திருப்பார்கள். மாதம் 250 வீதம் ஒழுங்காகக் கட்டி, கடைசியில் 200 டாலர் மட்டும் நின்றுவிட்டது என்று வையுங்கள். வட்டி விகிதம் 29 சதவீதமாக இருந்தால், ஒரு வருட வட்டி 500 டாலருக்கு மேல் மொத்தமாக வந்து விழும். ஒரு மாதம் ஊருக்குக் கூடுதலாக அனுப்ப வேண்டி வந்தால் போதும், இது நடந்துவிடும்.

சரி, எந்தப் படகு? பெடல் கயாக் திறந்த ஏரியில் மீன்பிடிக்க அருமையானது. கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும். ஆனால் வாத்து இருப்பது முழங்கால் ஆழத் தண்ணீரில், கோரைக்கும் காட்டரிசிக்கும் நடுவில். அங்கே பெடலுக்குக் கீழே இருக்கும் துடுப்பில் களை சுற்றிக்கொள்ளும். எடையும் பாருங்கள், இந்த வகை 100 பவுண்டு, அதாவது 45 கிலோவைத் தொடும். அதைத் தனியாளாகக் கார் கூரையில் ஏற்ற முடியாது. டிரெய்லர் வேண்டும், டிரெய்லர் நிறுத்த இடம் வேண்டும். நானும் ஒருமுறை எடையைப் பார்க்காமல் ஒரு கயாக் வாங்கினேன். இரண்டு கோடைக்காலம் கராஜில் கிடந்தது. பாதி விலைக்கு விற்றேன். அதனால்தான் படகு வாங்க நினைக்கும் யாரிடமும், வேலை முடிந்து களைத்து வரும் மாலையில் அதைத் தூக்க முடியுமா என்று முதலில் கேட்கிறேன். தூக்க முடியாத படகுக்கு எந்த விலையும் அதிகம்.

அப்படியென்றால் 400 டாலர் பத்தடிக் கயாக் போதாதா என்று தோன்றும். மினசோட்டாவில் பத்தடிக்கு மேல் போகாத, மோட்டார் இல்லாத படகுக்குப் பதிவும் தேவையில்லை. இடிப்பது தாங்குதிறன். இந்த அளவில் 275 பவுண்டு என்று எழுதியிருப்பார்கள். அதில் 70 சதவீதத்தைத்தான் நம்பலாம், சுமார் 190. நீங்கள் 80 கிலோ என்றால் அதுவே 176 பவுண்டு. மீதி 14 பவுண்டுக்குள் குளிர் உடுப்பு, பூட்ஸ், துப்பாக்கி, வாத்தை இழுக்க மிதக்கவிடும் பொம்மை வாத்து மூட்டை எல்லாம் எங்கே போவது? மகளையும் ஏற்ற முடியாது. தனியாக மீன்பிடிக்க மட்டும் என்றால் இதையே சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு ஏற்றது 15 முதல் 17 அடி வரையுள்ள பழைய கனூ. என் முதல் தேர்வு அலுமினியம். விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் இந்த வகைக் கனூக்களைச் செய்ய ஆரம்பித்தது. நாற்பது, ஐம்பது வயதான படகுகள் இன்றும் கைமாறுகின்றன. 400, 500 டாலருக்கு வாங்கி மூன்று வருடம் ஓட்டிவிட்டு ஏறக்குறைய அதே விலைக்கு விற்கலாம். 3,200 டாலர் கயாக்கை அப்படி விற்க முடியாது. எடை 70 பவுண்டைச் சுற்றி வரும்; இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம். குறை என்றால் சத்தம். உள்ளே ஒரு பழைய கார்ப்பெட் துண்டை விரித்துவிடுங்கள். ராயலெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கனூ கிடைத்தால் அதையும் விடாதீர்கள், சத்தம் போடாது. அந்தப் பொருளின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டதால் இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். தனியாகப் போகும் நாளில் முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து ஓட்டினால் எடை நடுவுக்கு வரும். காற்று பலமாக இருக்கும் நாளில் தனியாகப் போகாதீர்கள்.

பழைய படகு வாங்க நல்ல நேரம் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) முடிந்த பிறகு. குளிர்காலத்துக்கு முன் கராஜைக் காலி செய்ய நினைப்பவர்கள் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். அதற்குள் ஸ்டேட் பார்க்கில் ஒரு கனூவை வாடகைக்கு எடுத்து இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.

செலவுத் திட்டம் என் கணக்கில் இப்படி: படகு 450, துடுப்பு இரண்டு 60, கூரையில் கட்டும் பட்டையும் நுரைக் கட்டையும் 50, மூன்று லைஃப் ஜாக்கெட் 170, மாநிலப் பதிவுக் கட்டணம். 800-க்குள் முடியும். லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அக்டோபர் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே கட்டுக்குள் இருக்காது. பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான். படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

வேட்டைக்குத் தனிக் கணக்கு. 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் மினசோட்டாவில் பொதுவாகத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் வேட்டை உரிமம் வாங்க முடியும். அப்புறம் 25 டாலர் மத்திய அரசின் டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கான அனுமதி முத்திரை), மாநில ஸ்டாம்ப், ஈயம் கலக்காத தோட்டா; வாத்துக்கு ஈயத் தோட்டா 1991 முதல் நாடு முழுவதும் தடை. துப்பாக்கி விலை வேறு. எனவே இந்த வருடம் நண்பருடன் துடுப்பு போட மட்டும் போங்கள். அந்தக் குளிரும் விடியற்காலையும் பிடித்திருந்தால் அடுத்த வருடம் பட்ஜெட் போடலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மத்திய சட்டப்படி நீங்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விலக்கு. ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பழைய கனூவைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். கார்டு பாக்கியை அடைத்த ரசீதை அதற்கு முன்பே அவரிடம் காட்டிவிடுங்கள். படகுக்குள் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டு, அடியில் ஆணி வரிசை எங்காவது கசிகிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீங்கள் இருவரும் சேர்ந்து அதைக் கார் கூரைவரை தூக்கிப் பாருங்கள். அவருக்குக் கனம் தாங்கவில்லை என்றால் பணத்தை எடுக்காமல் அடுத்த படகைப் பார்க்கப் போங்கள்.