யுகுலேலே பிக்கப்: இந்த மாதம் வந்த கேள்விகள்

யுகுலேலே என்னும் நாலு கம்பிச் சின்ன வாத்தியத்தின் ஒலியை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது பிக்கப். அதைப் பற்றி இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாத்தியத்தின் அளவு சோப்ரானோவா, கான்சர்ட்டா, டெனரா என்ற விவரமே இல்லை. "சவுண்ட் சரியில்லை, என்ன செய்வது?" என்று ஒரு வரி எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? என்ன அளவு, என்ன பிக்கப், எதில் செருகுகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். அது இல்லாமல் பதில் சொல்லவே முடியாத கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

*எலெக்ட்ரிக் கிட்டாரில் இருந்து கழற்றிய மேக்னெட்டிக் பிக்கப் ஒன்று சும்மா கிடக்கிறது. யுகுலேலேயில் போடலாமா? (மதுரை)*

முடியாது. காந்தப் பிக்கப்புக்கு இரும்புக் கம்பி வேண்டும். உங்கள் வாத்தியத்தில் இருப்பது நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன். பெரிய அளவு யுகுலேலேயான பாரிடோனில் உலோகம் சுற்றிய கம்பி இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சுற்று பெரும்பாலும் வெள்ளிப் பூச்சுள்ள செம்பு, அதற்கும் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை. அதிர்வை மின்சாரமாக்கும் பியூசோதான் வழி.

*சேடிலுக்கு அடியில் வைக்கும் பிக்கப்பை நானே பொருத்தினேன். டெனர். மூன்று கம்பி நன்றாகக் கேட்கிறது, ஏ கம்பி மட்டும் முணுமுணுக்கிறது. பிக்கப்பை மாற்றிவிடட்டுமா? (கோவை)*

மாற்றாதீர்கள். சேடிலின், அதாவது கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையின், அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

யுகுலேலேயில் நாலு கம்பியின் இழுவையும் சேர்ந்து சுமார் 20 கிலோதான். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 70 கிலோவுக்கு மேல் போகும். அவ்வளவு இழுவை இருந்தால் சேடில் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அழுந்தி உட்கார்ந்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. சேடிலின் அடி எந்த இடத்தில் பிக்கப்பைத் தொடவில்லையோ, அந்த இடத்துக் கம்பி கேட்காது.

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். சேடிலின் அடியில் நீளவாக்கில் பென்சிலால் கோடு இழுங்கள். சேடிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே திசையில், அழுத்தாமல் நாலு இழுப்பு தேய்த்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கோடு முழுக்க ஒரே மாதிரி மங்கினால் அடி சமம். ஏ கம்பிப் பக்கம் மட்டும் பென்சில் அப்படியே நிற்கிறதென்றால் அந்த முனை தாளைத் தொடவே இல்லை. பிக்கப்பையும் தொட்டிருக்காது. கோடு முழுவதும் போகும்வரை தேயுங்கள். அப்புறம் சேடில் உட்காரும் காடியின் தரையில் பழைய பசை, மரத்தூள் இருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி எடுங்கள். சேடில் காடிக்குள் விரலால் இழுத்தால் வர வேண்டும், ஆனால் முன்னும் பின்னும் சாயக்கூடாது.

பேப்பரை மடித்து அடியில் வைக்கிற வேலை வேண்டாம். ஒரு கம்பியைச் சரிசெய்யப் போய் பக்கத்துக் கம்பியைக் கெடுத்துவிடும். இன்னொன்று, பிக்கப் எவ்வளவு கனமோ அவ்வளவை சேடிலின் அடியிலிருந்து குறைத்தீர்களா? எழுதவில்லை. குறைக்காவிட்டால் கம்பி உயர்ந்துபோய் முதல் ஃப்ரெட்டிலேயே சுருதி விலகும்.

*27 மி.மீ. பியூசோ டிஸ்க்கை உள்ளே ஒட்டி, சர்ச் மிக்ஸரில் நேராகச் செருகுகிறேன். தகர டப்பாவைத் தட்டுவது போல் இருக்கிறது. எல்லாரும் டிஸ்க் மட்டம் என்கிறார்கள். நல்ல பிக்கப் ஒன்றைச் சொல்லுங்கள். (தூத்துக்குடி)*

எல்லாரும் தப்பாகச் சொல்கிறார்கள். இதை நான் எத்தனையோ தடவை எழுதியாயிற்று. இன்றைக்கு விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

பியூசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சின்ன கபாசிட்டர். உங்கள் டிஸ்க் சுமார் 20 நானோஃபாரட் இருக்கும். மிக்ஸரின் லைன் இன்புட் ஏறக்குறைய 10 கிலோ ஓம். இந்த இரண்டும் சேர்ந்தால் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஒரு லோ-கட் ஃபில்டர் தானாகவே உருவாகிவிடுகிறது. கணக்குப் போட்டால் வெட்டு விழும் இடம் சுமார் 800 ஹெர்ட்ஸ். இப்போது உங்கள் கம்பிகளைப் பாருங்கள்: ஜி 392, சி 262, ஈ 330, ஏ 440. நாலு திறந்த கம்பியின் அடிப்படைச் சுருதியும் 800-க்குக் கீழே! நீங்கள் மீட்டியதன் உடல் போய், மேலே உள்ள கிணுகிணுப்பு மட்டும் ஸ்பீக்கருக்குப் போகிறது. அதே டிஸ்க்கை 1 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டிஸ்க் அதேதான், மரம் அதேதான், விரலும் அதேதான்.

சேடில் பிக்கப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் கபாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் அளவில்தான் இருக்கும். லைன் இன்புட்டில் சத்தமே எழாது. மைக் இன்புட் இன்னும் தாழ்ந்தது, 2 கிலோ ஓம் பக்கம். அதில் பேசிவ் (உள்ளே ப்ரீஆம்ப் இல்லாத) பிக்கப்பைச் செருகவே கூடாது.

ஒரு கல்யாண வரவேற்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். கல்லூரி வயதுப் பையன், கான்சர்ட் யுகுலேலே. மேடைக்குப் பின்னால் அவன் வாசித்துப் பார்த்தபோது பக்கத்தில் நின்று கேட்டேன், அவ்வளவு இதமான வாசிப்பு. மேடையில் ஏறியதும் வயரை நேரே மிக்ஸரில் போட்டார்கள். கிறீச்சென்று வந்தது. மிக்ஸரில் இருந்தவர் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினார். உறுமல் கூடியது, தொனி வரவில்லை. இரண்டாவது பாட்டிலேயே அவன் சேனலை இறக்கிவிட்டார்கள். மீதி நேரம் முழுக்க அந்தப் பையன் யாருக்கும் கேட்காமல் வாசித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போய் பிக்கப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டதாகப் பிறகு சொன்னான். அந்த பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை. பிக்கப்பின் சிக்னலை வாங்கி மிக்ஸருக்கு ஏற்றபடி அனுப்பும் ஒரு ப்ரீஆம்ப் இல்லாததால் ஒரு நல்ல வாசிப்பு கெட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: பிக்கப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் 1 மெகா ஓமோ அதற்கு மேலோ இன்புட் உள்ள ப்ரீஆம்ப் அல்லது ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும், மின்சாரத்தில் இயங்கும் பெட்டி). ஆக்டிவ் டி.ஐ.க்கு மிக்ஸரிலிருந்து மைக் வயர் வழியே 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் போனால் பேட்டரிகூட வேண்டாம். மின்சாரம் வேண்டாத பேசிவ் டி.ஐ. டிஸ்க்குக்கு ஒப்பேறும், சேடில் பிக்கப்புக்குப் பத்தாது. கையில் வேறு எதுவும் இல்லையென்றால் மிக்ஸரில் இன்புட்டின் ஓமைக் கூட்டும், 'ஹை-இசட்' என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். பிக்கப்பை நேரே மிக்ஸரில் செருகாதீர்கள்.

*ஜாக் துளை எந்த அளவு? நாளைக்கே போடப் போகிறேன். (சேலம்)*

வாத்தியத்தின் வாலில் வயர் செருகும் எண்ட்பின் ஜாக்குக்கு அரை அங்குலம், அதாவது 12 மி.மீ.யும் கொஞ்சமும். ஆனால் நாளைக்கே போடாதீர்கள். வாலில் உள்ளே மரக்கட்டை இருக்கிறதா, எவ்வளவு கனம் என்று ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். ஜாக்கின் மரை அதைத் தாண்டி உள்ளே எட்டுமா என்று அளந்துகொள்ளுங்கள். பிக்கப்பை முதலில் தற்காலிகமாக வைத்து, வயரை ஒலித்துளை வழியாக வெளியே எடுத்து, ஆம்ப்பில் கேட்டுப் பாருங்கள். கேட்டுப் பார்க்காமல் துளை போடாதீர்கள்.

அப்புறம் மாஸ்கிங் டேப் ஒட்டி, 3 மி.மீ.யில் வழித்துளை போட்டு, ஸ்டெப் டிரில்லாலோ ரீமராலோ மெல்ல அகலப்படுத்துங்கள். நேராக 12 மி.மீ. பிட்டை வைத்தால் பாலிஷ் பெயர்ந்து வரும்.

*வால்யூம் கூட்டினால் ஊளையிடுகிறது. (சிங்கப்பூர்)*

ஸ்பீக்கருக்கு நேரே நிற்காதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து, ஒலித்துளைக்கு அருகில் வாயை வைத்துத் தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல 'ம்ம்' என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் வாத்தியம் கைக்குள் சட்டென்று அதிரும். ஊளை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. ட்யூனரில் அந்தச் சுருதியைப் பார்த்து, ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் குறுகலாக 4, 5 டெசிபெல் இறக்குங்கள். ஜி கம்பி சி கம்பியைவிட உயர்ந்து ஒலிக்கும் வழக்கமான ஹை-ஜி சுருதியில் உங்கள் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 262 ஹெர்ட்ஸ். ஆகவே 150 ஹெர்ட்ஸில் லோ-கட் போட்டால் பாட்டில் ஒன்றும் குறையாது, மேடை அதிர்வும் மைக் ஸ்டாண்டு இடிபடுகிற சத்தமும் போய்விடும்.

*பேட்டரி பத்து நாளில் தீர்ந்துபோகிறது. (நாகர்கோவில்)*

வாசித்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே ப்ரீஆம்ப் உள்ள வாத்தியங்களில் பெரும்பாலும் ஜாக்தான் ஸ்விட்ச். பிளக் உள்ளே இருக்கும்வரை பேட்டரி எரிந்துகொண்டே இருக்கும்.

*டிஸ்க்குக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் 'ம்ம்ம்' என்று இரைச்சல். (யாழ்ப்பாணம்)*

டிஸ்க்குக்கு மறைப்பு இல்லை. ஜாக் வரை ஷீல்டு வயர் போட்டு, டிஸ்க்கின் வெள்ளிப் பக்கத்தை இன்சுலேஷன் டேப்பால் மூடி, அதன் மேல் செம்புப் படலம் ஒட்டி எர்த்தோடு சால்டர் செய்யுங்கள். லேப்டாப் சார்ஜர் பக்கத்தில் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

*அம்மாவின் தஞ்சாவூர் வீணைக்கும் இதே டிஸ்க்கை வைக்கலாமா? (சென்னை)*

வைக்கலாம். பலகையில், குதிரைக்கு அருகில், முதலில் பிசின் மாதிரியான புட்டியால் ஒட்டி இரண்டு மூன்று இடம் மாற்றிக் கேளுங்கள். இடம் தீர்மானமானதும் மெல்லிய டேப் போதும், பஞ்சு வைத்த டேப் வேண்டாம். குடத்தில் ஆணி, திருகு, துளை எதுவும் கூடாது. ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையாக இருந்தால் இதை இரண்டு தடவை படியுங்கள். மேலே யுகுலேலேக்குச் சொன்ன 150 ஹெர்ட்ஸ் லோ-கட்டை வீணைக்குப் போட்டுவிடாதீர்கள். மிகத் தாழ்ந்த அனுமந்திரக் கம்பி 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே பேசுகிறது, அதை வெட்டினால் வீணையின் கம்பீரமே போய்விடும்.

*தாத்தா கப்பலில் வேலை பார்த்தபோது ஹொனலுலுவில் வாங்கிய கமாகா இருக்கிறது. கோவா என்ற ஹவாய் மரம். பிக்கப் போடத் துளை எங்கே? (காரைக்கால்)*

எங்கேயும் வேண்டாம். கமாகா 1916-இலிருந்து ஹொனலுலுவில் யுகுலேலே செய்கிற குடும்பம். பழைய கோவா வாத்தியத்தில் ஒரு துளை போட்டால் திரும்ப அடைக்க முடியாது. உள்ளே, சேடில் உட்காரும் பிரிட்ஜுக்கு அடியில் டிஸ்க்கை ஒட்டி, வயரை ஒலித்துளை வழியாக எடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான், பரவாயில்லை.

*பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது: நல்ல பிக்கப்பா, நல்ல ப்ரீஆம்ப்பா? (ஈரோடு)*

ப்ரீஆம்ப். பிக்கப்புக்கு இப்போதைக்கு டிஸ்க் போதும்.